3 வயது முதல் 8 வயது வரை: குழந்தைகளுக்கு வீட்டிலேயே யோகாசனம் பழக்கும் முறை

குழந்தைகளுக்கு யோகாசனத்தை எந்த வயதில் தொடங்கலாம் என்ற கேள்விக்கு, எதைத் தொடங்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமையும். மூச்சை அடக்கிப் பிடிக்கும் பிராணாயாமமும், கண்ணை மூடி அரைமணி நேரம் அமரும் தியானமும்தான் யோகம் என்று நினைப்பவர்கள், குழந்தைக்கு 8 வயது நிரம்பும்வரை பொறுமையாக இருப்பதே நல்லது. தன் உடம்பைத் தானே கவனிப்பது, நினைத்தபோது அசைந்து நினைத்தபோது நிற்பது, மூச்சு உள்ளே போய் வெளியே வருவதை உணர்வது ஆகிய மூன்றும்தான் நோக்கம் என்றால், 3 வயதிலேயே தாராளமாகத் தொடங்கலாம். அதற்கும் குறைந்த வயதில் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; பெற்றோர் தரையில் இறங்கி ஆசனம் செய்தால், தவழும் குழந்தைகூடப் பக்கத்தில் வந்து தன்னால் இயன்றதைச் செய்து பார்க்கும்.

வயதுக்கேற்பப் பயிற்சியை மாற்றுவது புதிய யோசனை அல்ல. 1930-களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்கு யோகம் கற்பித்து, பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், வாழ்க்கையின் பருவங்களை ஒட்டிச் சிருஷ்டி, ஸ்திதி, அந்தியம் என்று பயிற்சி முறைகளை வகுத்துக் கற்பித்தார். வளரும் பருவத்துக்குரிய முதல் முறையில், ஓர் ஆசனத்தில் நெடுநேரம் நிலைத்திருப்பதைவிட ஆசனங்களைக் கோர்வையாக இணைத்து உடம்பை இயக்குவதற்கே முதலிடம். இந்த ஒரு கொள்கையை மனத்தில் வைத்துக்கொண்டாலே குழந்தைக்கு எதைச் சொல்லித்தர வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

தொடங்கும் முன்: குழந்தையின் உடம்பு

குழந்தை உடம்பு நன்றாக வளைவதைப் பார்த்ததும், யோகத்துக்கென்றே பிறந்த குழந்தை என்று பெற்றோர் பூரித்துப்போவது வழக்கம். உண்மையில் அந்த வளைவு பயிற்சியால் வந்ததல்ல. மூட்டுகளைக் கட்டி நிறுத்தும் தசைநார்கள் இன்னும் இறுகவில்லை என்பதும், அவற்றைத் தாங்கும் தசைகள் இன்னும் வலுப்பெறவில்லை என்பதுமே அதற்குக் காரணம். ஆகவே குழந்தைக்குத் தேவைப்படுவது மேலும் வளைவு அல்ல, வலுவும் சமநிலையும்தான். நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்ச்சி நடைபெறும் குருத்தெலும்புத் தட்டுகள் பதின்ம வயதின் பிற்பகுதி வரையிலும்கூட முழுமையாக மூடிக்கொள்வதில்லை என்பதால், கையால் அழுத்தியோ மேலே உட்கார்ந்தோ குழந்தையின் உடம்பை வளைக்கும் பழக்கம் எந்த ஆசனத்திலும் கூடாது.

தலையைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ வலுக் குறைந்தவை. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் போன்று கழுத்தின்மீது எடை ஏறும் ஆசனங்களை இந்த வயதில் முற்றிலும் விட்டுவிட வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை தலைகீழாக நிற்கிறது என்பது இதை மாற்றிக்கொள்ள ஒரு காரணம் ஆகாது.

சில குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்திருக்கும் என்பதால், கழுத்தை ஆழமாக வளைப்பதும் குட்டிக்கரணம் போடுவதும் அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். வலிப்பு, குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, இதயக் குறைபாடு ஆகியவை இருந்தாலும் இதுவே விதி. சளியும் காதுவலியும் இருக்கும் நாள்களில் தலையைக் கீழே தொங்கவிடும் ஆசனங்களைத் தவிர்த்தால் போதும். காய்ச்சல் இருந்தால் எதுவுமே வேண்டாம்.

முதற்படி: இடம், நேரம், உடை

கூடத்தில் குழந்தை கைகால் நீட்டிப் புரளும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். டைல்ஸ் தரையில் ஜமக்காளமும் கோரைப்பாயும் வழுக்கும். நின்றுகொண்டு செய்பவற்றை வெறும் தரையில் வெறுங்காலோடு செய்யச் சொல்லிவிட்டு, படுத்தும் உட்கார்ந்தும் செய்பவற்றுக்கு மட்டும் ஜமக்காளத்தை விரிப்பது நல்லது. வழுக்காத யோகா விரிப்பு இருந்தால் சரி, இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காலுறையை மட்டும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பாவாடையும் கவுனும் குனியும்போது முகத்தை மூடிக் குழந்தையின் கவனத்தைக் கெடுக்கும் என்பதால், கால்சட்டையும் பனியனும் போதுமானவை.

முழுச் சாப்பாடு முடிந்து குறைந்தது இரண்டரை மணி நேரமும், பாலோ பிஸ்கட்டோ சாப்பிட்டு ஒரு மணி நேரமும் கழிய வேண்டும். பள்ளியிலிருந்து வந்த குழந்தையைப் பசியோடு நிறுத்தி ஆசனம் செய்யச் சொல்வதைவிட, சிறிது சாப்பிடக் கொடுத்து, தெருவில் ஓடியாட விட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் உட்காருவது பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். 3, 4 வயதில் 5 முதல் 10 நிமிடம், 5, 6 வயதில் கால் மணி நேரம், 7, 8 வயதில் 20 நிமிடம் என்பது போதுமான அளவு. வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்வதைக் காட்டிலும் நான்கைந்து நாள் பத்துப் பத்து நிமிடம் செய்வதுதான் பழக்கமாக நிலைக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடம்பை அசைத்து இயங்க வேண்டும் என்றும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்றும், 5 வயதுக்கு மேல் அத்தகைய விளையாட்டு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. யோகாசனம் அந்த ஓட்டத்துக்கு மாற்று ஆகாது. நொண்டியும் பாண்டியும் பச்சைக்குதிரையும் ஆடும் குழந்தைக்குச் சமநிலையும் கால்வலுவும் பாதி வந்துவிடுகின்றன.

இரண்டாம் படி: நிற்கக் கற்றுக்கொள்வது

முதல் வாரத்தில் ஆசனம் எதையும் தொடக்கூடாது. கூடத்தில் குழந்தை இஷ்டம்போல் நடக்கட்டும், குதிக்கட்டும், யானைபோல் ஆடட்டும். நீங்கள் கை தட்டியதும் இருந்த இடத்தில் இருந்தபடியே சிலையாக வேண்டும். மறுபடி தட்டினால் மறுபடி நடை. வெறும் விளையாட்டாகத் தோன்றும் இதில்தான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இருக்கிறது. ஓடுகிற உடம்பைத் தன் விருப்பத்தால் நிறுத்த முடியும் என்பதைக் குழந்தை அனுபவமாக அறிவது இங்கேதான். சிலையாக நிற்கும்போது, "எந்தக் கால்ல வெயிட்டு அதிகமா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் தவறாக இருந்தாலும் திருத்த வேண்டாம். குழந்தை உள்ளே பார்க்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் முக்கியம்.

கடைசி இரண்டு நாளில் சிலையை நேராக நிற்கச் சொன்னால் அதுவே தாடாசனம்: இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிந்திருக்க, கை இரண்டும் தொங்க, உச்சந்தலை கூரையை நோக்கி உயர வேண்டும்.

மூன்றாம் படி: முதல் ஆசனங்கள்

இரண்டாம் வாரத்திலிருந்து, இரண்டு நாளைக்கு ஓர் ஆசனம் என்ற வேகத்தில் போகலாம். நின்று செய்வது, நான்கு காலில் செய்வது, குப்புறப் படுத்துச் செய்வது, உட்கார்ந்து செய்வது, மல்லாந்து படுப்பது என்ற வரிசை குழந்தையின் துள்ளலை மெல்ல இறக்கிக் கொண்டுவரும். ஆசனத்தின் வடமொழிப் பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்; முதலில் மரம், பூனை, பாம்பு, பட்டாம்பூச்சி என்றே இருக்கட்டும்.

மரம், அதாவது விருட்சாசனம், நம்மிடம் ஏற்கெனவே கல்லில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில், இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்தி நிற்கும் தவசியைக் காணலாம். அதே பாறையின் கீழ்ப்பகுதியில், அவரைப் பார்த்து நடிப்பதுபோல் ஒரு பூனை பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களைத் தூக்கி நிற்க, சுற்றிலும் எலிகள் இருக்கும். அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, இன்றைக்கு நீ தவசியா பூனையா என்று கேட்டால் போதும், குழந்தை தானாகவே காலைத் தூக்கும். கற்பிக்கும் முறை இதுதான்: ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, வலது பாதத்தை இடது கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ ஒட்டவைக்க வேண்டும். முழங்கால் மூட்டின்மீது பாதத்தை அழுத்தக் கூடாது. மூட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் திறன் குறைவு. கண் ஒரே இடத்தில் நிலைத்த பிறகு சுவரிலிருந்து கையை எடுக்கலாம்.

"அம்மா, கால் ஆடுது."

"ஆடட்டும் தங்கம். அந்தக் கதவுத் தாழ்ப்பாளையே பாரு. மரம்னா காத்துல கொஞ்சம் ஆடத்தானே செய்யும்?"

ஆடுவது குற்றமில்லை. கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகள் அந்த ஆட்டத்தின்போதுதான் வேலை கற்றுக்கொள்கின்றன. குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை எண்ணும் வரை நின்றால் போதும். பிறகு மற்றக் கால்.

அடுத்து பூனையும் பசுவும். தோளுக்கு நேர்கீழே கையும், இடுப்புக்கு நேர்கீழே முழங்காலும் இருக்க நான்கு காலில் நிற்க வேண்டும். மூச்சை விட்டபடி முதுகைக் கூரைபோல் உயர்த்தினால் பூனை, மூச்சை இழுத்தபடி வயிற்றைக் கீழே இறக்கினால் பசு. மூச்சும் அசைவும் ஒன்றுசேர்வதைக் குழந்தை முதன்முதலில் உணர்வது பெரும்பாலும் இதில்தான். நினைவூட்டுவதற்கு "மியாவ்", "அம்மா" என்ற ஒலிகளே போதும். மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லிப் படுத்த வேண்டியதில்லை. இங்கிருந்து இடுப்பை மேலே தூக்கினால் அதோமுக சுவானாசனம் என்ற நாய். குதிகால் தரையைத் தொடாவிட்டாலும் முழங்கால் மடங்கியிருந்தாலும் கவலையில்லை.

பாம்பான புஜங்காசனத்தில் மட்டும் சற்றுக் கண்டிப்பு தேவை. குழந்தைகள் கையை முழுதாக நீட்டித் தலையைப் பின்னால் எறிவார்கள். அப்போது முதுகின் வலு சிறிதும் பயன்படுவதில்லை, இடுப்பெலும்புக்கு மேலே ஒரே இடத்தில் மடிப்பு விழுகிறது. முழங்கை மடங்கியபடியே, நெஞ்சின் மேற்பகுதி மட்டும் எழும் அளவுக்குத் தூக்கி, "ஸ்ஸ்ஸ்" என்று சீறிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். ஒரு நொடி கையைத் தரையிலிருந்து எடுக்க முடிகிறதா என்று பார்த்தால், முதுகு வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

உட்கார்ந்து செய்வதில் பட்டாம்பூச்சி எளிது: இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடித்து முழங்கால்களைச் சிறகுபோல் அசைப்பது. முழங்காலைத் தரையில் படும்படி அழுத்துவதற்குச் சில பெரியவர்களின் கை தானாக நீளும். அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும். தவளை, படகு, பாலம் ஆகியவற்றை அடுத்தடுத்த வாரங்களில் சேர்த்துக்கொள்ளலாம். தனுராசனம், உஷ்டிராசனம் போன்ற ஆழ்ந்த பின்வளைவுகளுக்கு அவசரம் எதுவுமில்லை.

சொல்லும் விதத்தில் மூன்று செய்திகள் உண்டு. முதலாவது, எதிரே நின்று காட்டும்போது குழந்தை கண்ணாடியைப் பார்ப்பதுபோல்தான் செய்யும். அதன் வலது கால் தூக்கப்பட வேண்டுமென்றால் நீங்கள் இடது காலைத் தூக்க வேண்டும். இரண்டாவது, "தப்பு", "இப்படியில்லை" என்பதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும்: "கையால தரையைத் தள்ளு", "வாலைத் தூக்கு". மூன்றாவது, தொட்டுத் திருத்துவதைக் கூடியவரை தவிர்த்து, தொட்டே ஆக வேண்டுமென்றால் சொந்தக் குழந்தையானாலும் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்று பதஞ்சலி வகுத்த இலக்கணம் குழந்தைக்கும் பொருந்தும். முகம் சுளித்தால், மூச்சு நின்றால், பல்லைக் கடித்தால் சுகம் போய்விட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்த வேண்டும்.

நான்காம் படி: மூச்சு

பெரியவர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். 4 வயதுக் குழந்தைக்கு இது ஏறக்குறைய 20 முதல் 30 வரை இருக்கும். ஆகவே நான்கு எண்ணும் வரை இழு, எட்டு எண்ணும் வரை விடு என்று நம் கணக்கைக் குழந்தைமீது ஏற்றுவது பொருந்தாது. மூச்சை அடக்கும் கும்பகமும், வேகமாக அடித்து ஊதும் கபாலபாதியும் பஸ்திரிகையும் இந்த வயதுக்கு உரியவை அல்ல.

மாறாக, மூச்சைக் கண்ணுக்குத் தெரியச் செய்யலாம். மல்லாந்து படுத்த குழந்தையின் வயிற்றின்மீது ஒரு சிறு பொம்மையை வைத்தால், மூச்சு போகும்போது அது ஏறும், வரும்போது இறங்கும்; பொம்மையைத் தூங்கவைக்க வேண்டுமென்றால் மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும் என்று சொன்னால் மூச்சு தானாக நீளும். சோப்புக் குமிழி ஊதுவதும் இதே வகைதான், பெரிய குமிழி வேண்டுமென்றால் வேகமாக ஊத முடியாது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்பதால், அழுது முடித்த குழந்தைக்கும் தேர்வுக்குப் போகும் குழந்தைக்கும் இது ஒன்றே கைகொடுக்கும்.

5 வயதுக்கு மேல் பிராமரியைச் சேர்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, வாயை மூடி, மூச்சு தீரும் வரை "ம்ம்ம்" என்று வண்டுபோல் ரீங்கரிக்க வேண்டும். காதைப் பொத்துவதும் கண்ணை மூடுவதும் அவரவர் விருப்பம். மூன்று நான்கு முறை போதும். அதிர்வு உதட்டில் தெரிகிறதா, மூக்கில் தெரிகிறதா, மண்டையில் தெரிகிறதா என்று கேட்டால் குழந்தைகள் மிகவும் நுட்பமாகப் பதில் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: படுத்திருப்பது

முடிவில் சவாசனம். பெயர் பிடிக்காதவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். 3 வயதில் அரை நிமிடம், 8 வயதில் மூன்று நிமிடம் என்பதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்திருக்கும் குழந்தையை மூடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அமைதியாகக் கிடந்தாலும் பலன் ஒன்றுதான். கால்விரலிலிருந்து தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, "தூங்கட்டும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வரலாம். உண்மையாகவே தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

ஆறாம் படி: கோர்வையும் சூரிய நமஸ்காரமும்

தனித்தனி ஆசனங்கள் பழகிய பிறகு அவற்றைக் கதையாகக் கோர்க்கலாம். காட்டுக்குப் போகிறோம், மரம் நிற்கிறது, பாம்பு சீறுகிறது, தவளை குதிக்கிறது, படகில் ஆற்றைக் கடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்வது 5 வயது வரை சலிக்காது. அதற்குமேல் கதையைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்.

சூரிய நமஸ்காரத்தை 6, 7 வயதில் பழக்கலாம். 12 நிலைகளையும் ஒரே நாளில் காட்டினால் கால் எங்கே, கை எங்கே என்று குழந்தை குழம்பிப்போகும். முதல் மூன்று நிலைகளை (கைகூப்புவது, மேலே நீட்டுவது, குனிவது) ஒரு வாரம் செய்துவிட்டு, அவற்றையே தலைகீழாகத் திரும்பச் செய்தால் கடைசி மூன்று நிலைகளும் வந்துவிடுகின்றன. நடுவில் உள்ள ஆறையும் அடுத்த இரண்டு வாரங்களில் நிரப்பலாம். அட்டாங்க நமஸ்காரத்தில் முழங்கால், நெஞ்சு, முகவாய் என்ற வரிசையில் இறங்க வேண்டும். அவசரத்தில் முகவாய் முதலில் தரையில் மோதுவது வழக்கமான விபத்து. நாளுக்கு நான்கு சுற்று நிதானமாகச் செய்தால் போதும்.

குழந்தை மறுத்தால்

மறுக்கும் நாள்கள் வரும். அன்று நீங்கள் மட்டும் செய்யுங்கள். குழந்தை பக்கத்தில் படம் வரைந்துகொண்டு இருக்கட்டும். அண்ணனையும் தங்கையையும் ஒப்பிட்டு யார் அதிக நேரம் நின்றது என்று மதிப்பெண் போட்டால், தோற்ற குழந்தை மறுநாள் வராது. உறவினர் வந்தால் செய்துகாட்டச் சொல்வதும், கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை: கவனம் உடம்பிலிருந்து பார்வையாளர்மீது தாவிவிடும். பானைமேலும் ஆணிப்பலகைமேலும் பிஞ்சுக் குழந்தைகளை ஆசனம் செய்யவைத்து 'உலக சாதனை' என்று செய்தி வெளியிடுவதை நான் யோகம் என்று ஏற்பதில்லை.

தண்டனையாக ஆசனத்தைத் தரவே கூடாது. தோப்புக்கரணம் முழங்காலுக்கும் தொடைக்கும் நல்ல பயிற்சி. ஆனால் வீட்டுப்பாடம் எழுதாததற்கு ஐம்பது தோப்புக்கரணம் என்று வகுப்பில் வாங்கிய குழந்தைக்கு, அதைப் பிள்ளையார் முன் மகிழ்ச்சியாகப் போடுவது எப்படி என்பது மறந்தேபோகும்.

வகுப்பில் சேர்ப்பதானால்

6 வயதுக்கு முன் வெளி வகுப்பு தேவையில்லை என்பதே என் கருத்து. சேர்ப்பதாக முடிவு செய்தால், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லும் இடத்தை அப்போதே விட்டுவிடலாம். ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் யாருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. முதுகை அழுத்தி வளைக்கிறாரா, அழும் குழந்தையை என்ன செய்கிறார், செய்ய முடியாத குழந்தைக்கு வேறு எளிய நிலையைக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். ஆஸ்துமாவோ வலிப்போ இருந்தால் அவரே முன்வந்து கேட்கிறாரா என்பதும் ஒரு நல்ல சோதனை. சேர்ந்த மூன்றாம் மாதமே போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால், இன்னும் ஓராண்டு போகட்டும் என்று சொல்லிவிடுங்கள்; அதற்கு அவர் முகம் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மாதக் கட்டணத்தைப் பற்றி முடிவு செய்யலாம்.